சித்தி சொன்ன முப்பது

எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா பாறசாலைக்கு ஆள் அனுப்பி அரைக் கிலோ லட்டு வாங்கிவரச் சொன்னாள். வந்ததும் என்னை வேலியோரம் கூட்டிப்போய் நிறுத்தி வாயில் ஒரு லட்டைத் திணித்து, "எம் பிள்ளைக்கு வெள்ளைக்கார சாயிப்புமாரு கூட வேலையாக்கும்! இனி நமக்கென்ன கொறை?" என்று கத்தினாள். என் காது அவளுக்கு அரை முழத்தில்தான் இருந்தது. ஆனால் அந்தச் சத்தம் எனக்கானதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இடியாப்பத் தட்டு கழுவிக்கொண்டிருந்தாளே சித்தி, அவளுக்கானது.

நானும் வாய் நிறைய லட்டோடு சிரித்தேன். இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பின்னால் வருவதற்கெல்லாம் அம்மாவைக் குறை சொல்லிவிட்டு நான் நழுவிக்கொள்ளக் கூடாது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. திட்டப் பணத்தை அரசு நேராகப் பஞ்சாயத்துகளின் கையில் கொடுக்கத் தொடங்கியிருந்த சமயம். இதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். திருவனந்தபுரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: நாளைக்கு அரசு கையை விரித்துவிட்டால் பஞ்சாயத்து சொந்த வருமானத்தில் நிற்குமா, விழுமா? ஒரு குழு அம்பூரி, கள்ளிக்காடு என்று மலைப்பக்கம் போனது. இன்னொன்று எங்கள் எல்லைப் பஞ்சாயத்துக்கு வந்தது. இங்கே ஒரு வீட்டில் தமிழ், அடுத்த வீட்டில் மலையாளம், மூன்றாவது வீட்டில் இரண்டும் கலந்து சண்டை. இரண்டும் தெரிந்து ஆங்கிலமும் தெரிந்த ஆள் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நான் பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்து மூன்று வருடம் வீட்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள்.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. பாகம் பிரித்தபோது கிணறு எங்கள் பங்கில் விழுந்தது. அப்பாவும் சித்தப்பாவும் இருந்தவரை பங்கு காகிதத்தில்தான் இருந்தது, இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அப்பா போனார். அடுத்த வருடம் சித்தப்பாவும் போனார். சித்தப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சமைக்கச் சித்தி கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் நின்று, "பாத்து இறை, கெணறு எங்க பங்காக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சித்தி பாதி இறைத்த தன் வாளியைக் கிணற்றுக்குள் அப்படியே விட்டுவிட்டுப் போனாள். வாளி கயிறோடு உள்ளே கிடந்தது. அதை அம்மா எடுத்து, அந்த வாளியில்தான் பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

அதற்குப் பின்பு சித்திக்குச் சாலையோரப் பஞ்சாயத்துக் குழாய்தான் கதி. அவள் வேலியை ஒட்டி, நாலெட்டு வைத்தால் வருகிற இடத்தில் இருந்தது அது. கதி என்று நான்தான் சொல்கிறேன். அவளுக்கு அது பெருமை. விடியுமுன் குழாயைத் திறந்து அவள் குடம் நிறைக்கிற சத்தம் எங்கள் அடுக்களைக்குக் கேட்கும். நிறைந்து வழிந்த பிறகும் கொஞ்ச நேரம் மூடமாட்டாள். அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து இடியாப்பம் பிழிந்து, நெடுஞ்சாலையில் மூன்று சாயாக்கடைகளுக்குக் கொடுத்தாள். ஒரே மகளை அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவனுக்குக் கட்டிக் கொடுத்ததும் அதில்தான். எங்கள் வீட்டுப் படி ஏறவேயில்லை. அம்மாவுக்கு இது வயிற்றெரிச்சல். கிணறு நம்மிடம் இருக்கிறது, அவள் கெஞ்சவில்லையே!

அந்தக் குழாய்கள்தான் எங்கள் ஆய்வில் ஒரு பகுதி. ஒவ்வொரு தெருக்குழாய்க்கும் பஞ்சாயத்து வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். சனங்களுக்கு இலவசம். இதையே சனங்கள் கொடுத்தால்? மாதம் எவ்வளவு கொடுக்க மனசு இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்கச் சொன்னார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. ஐந்து ரூபாயில் தொடங்கு. சரி என்றால் பத்துக்கு ஏற்று. இல்லை என்று சொல்கிறவரை ஐந்தைந்தாக ஏற்றிக்கொண்டே போ. படிவத்தில் கடைசிக் கட்டம் முப்பது. இரண்டு நாள் பயிற்சியில் இன்னொன்றும் சொன்னார்கள்: சொந்தக்காரர் வீட்டில் நீங்கள் கேட்கக் கூடாது, வேறு ஆளை அனுப்புங்கள்.

எங்கள் ஊரில் இந்த முறை என்ன ஆகும் என்று எனக்கு முதல் நாளே தெரிந்தது. எங்கள் பக்கத்து ஆட்கள் முற்றத்துக்கு வந்த விருந்தாளியிடம் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதுவும் வெள்ளைக்காரி வந்து நாற்காலியில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பியை வாங்கிக் குடிக்கும்போது, என்னிடம் காசில்லை என்று எவள் சொல்வாள்? மரச்சீனிக் கிழங்கைத் தவிர அடுப்பில் வேறு ஏறாத வீட்டிலும், "அதுக்கென்ன, குடுக்கலாமே" என்றார்கள். நான் மொழிபெயர்த்தேன். மேடம் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மேடம் என்றுதான் எல்லோரும் அவளைக் கூப்பிட்டோம். நாற்பது வயதிருக்கும், நெட்டையாக, வெயிலில் மூக்கு உரிந்துபோய். நல்ல பெண். யார் எது சொன்னாலும் நம்பினாள்.

எங்கள் சந்தின் முனையில் ஒரு தென்னை ஏறுகிற கிழவர் இருந்தார். அவர் மட்டும் மரமேறுகிற நாரைச் சீவிக்கொண்டே, "ஒரு சக்கறம் துட்டு தரமாட்டேன். பைப்பு சர்க்காருக்கதாக்கும். போயிட்டு வா பிள்ளே" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். மேடம் அந்தப் படிவத்தின் மூலையில் என்னவோ குறித்தாள். என்ன என்று கேட்டேன். கேள்வியையே ஏற்காமல் கோபத்தில் சொல்கிற பதில் இது, கணக்கில் சேராது, தனியே எடுத்து வைத்துவிடுவோம் என்றாள். அந்தச் சந்தில் உண்மை சொன்ன ஒரே ஆள் அவர்தான். அவருடைய படிவம் தனி உறைக்குள் போயிற்று.

அடுத்தது சித்தி வீடு. "தெரிந்தவர்களா?" என்று மேடம் கேட்டாள். "இந்த ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள்தான்" என்றேன். சித்தி என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அவள் வாயால் இல்லை என்று சொல்வதைக் கேட்க ஆசை. அதைச் சாயங்காலம் அம்மாவிடம் சொல்ல ஆசை. வேறொன்றும் இல்லை.

சித்தி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மேடத்துக்குக் காப்பி தந்தாள், எனக்கும் தந்தாள். கிணற்றடியில் வாளியை விட்டுப் போன பிறகு, இந்த ஏழு வருடத்தில் அவள் கையால் நான் வாங்கிக் குடித்தது அன்றைக்குத்தான். நான் கேள்வியைக் கேட்டேன்.

"மாசம் அஞ்சு ரூவா குடுப்பீங்களா சித்தி?"

"அஞ்சா? அதுக்கென்ன."

"பத்து?"

"குடுக்கலாம்."

"பதினஞ்சு?"

சித்தியின் பார்வை எங்கள் வீட்டுச் சுவருக்குப் போய்த் திரும்பியது. "ஆங், குடுக்கலாம்."

"இருவது?"

"குடிக்க வெள்ளம் இல்லாம பற்றுமா? குடுக்கணும்லா."

இங்கே நிறுத்தியிருக்கலாம். படிவம் ஏற்றச் சொன்னது, ஏற்றினேன். இருபத்தைந்து என்றபோது அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றத் தொடங்கினாள், ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். சொல்லு பார்ப்போம், எதுவரை போகிறாய் என்று.

"முப்பது?"

சித்தி மேடத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "முப்பதுன்னா முப்பது. நாங்க என்ன பிச்சைக்காரங்களா?"

முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன். "நிச்சயமாகத்தான் சொல்கிறாரா?" என்றாள் மேடம். நிச்சயமாகத்தான் என்றேன், அவளிடம் திருப்பிக் கேட்காமலே. மேடத்துக்கு ஒரே சந்தோஷம். சித்தியைக் குழாயடியில் குடத்தோடு நிற்கச் சொல்லிப் படம் எடுத்தாள். சித்தி சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். இரண்டு நாள் இடியாப்பம் பிழிந்தால் அரிசி, விறகு போக அவள் கையில் நிற்பது முப்பது ரூபாய். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் நான் பேருந்து இறங்கி வரும்போது சித்தி சின்னப் பாலத்துக் கலுங்கடியில் நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்கு வரமாட்டாள் இல்லையா, அதனால் வழியில் காத்திருந்திருக்கிறாள்.

"மக்கா, ஒரு காரியம். இன்னைக்குக் காலத்த சொன்னேன்லா, அது சும்மா சொன்னதாக்கும். எழுதிப்போடாத."

"என்ன சித்தி, நீங்கதானே சொன்னீங்க?"

"சாயிப்பத்தி முற்றத்துல வந்து இரிக்கச்ச இல்லாதப்பட்டவன்னு எப்பிடிச் சொல்ல? அதுவும் ஒனக்க வாய் வழியா போகணும். ஒனக்க அம்மைக்க காதுல விழும்." அவள் பார்வை என் பைக்குப் போயிற்று. "ஒண்ணும் முடியாதுன்னு மாத்திடு மக்கா. நாளைக்கி காசு கேப்பாவ, குடுக்காட்டி எடுத்துருவாவ. அந்தப் பைப்பு போச்சுன்னா எனக்கு வேற கெதி உண்டா?"

அவள் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. படிவம் என் தோள்பையில்தான் இருந்தது. பென்சிலால் நிரப்பியது. அதே பையில் அழிரப்பரும் இருந்தது. ஒரு நிமிட வேலை.

"பாக்கேன் சித்தி" என்றேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "முப்பதா? இடியாப்பக்காரிக்கு முப்பதா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். படிவத்தை அடுத்த நாள் அப்படியே கொடுத்தேன்.

ஆறேழு மாதம் கழித்துப் பஞ்சாயத்து மண்டபத்தில் கூட்டம் போட்டு முடிவுகளைச் சொன்னார்கள். திரையில் படம் காட்டினார்கள். மண்டபத்து மின்விசிறிக் காற்றில் திரை ஆட, சித்தியும் ஆடினாள், குடத்தோடு, சிரித்துக்கொண்டு. ஏழை மக்களும் நல்ல தண்ணீருக்குக் காசு தரத் தயாராக இருக்கிறார்கள், பஞ்சாயத்துதான் கேட்கத் தயங்குகிறது என்று மேடம் ஆங்கிலத்தில் சொல்ல, நான் மேடையில் நின்று இரண்டு மொழியிலும் சொன்னேன். நல்ல குரல் எனக்கு, எல்லோரும் பாராட்டினார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கு இது லட்டு மாதிரி. ஏற்கனவே குழாய்களுக்குக் கட்ட வேண்டிய பாக்கி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. சனங்களே தருகிறோம் என்கிறார்களே, அறிக்கையே இருக்கிறதே! தெருக்குழாய்களைக் குறைத்து வீட்டு இணைப்பு கொடுப்பது என்று தீர்மானம் ஆயிற்று. எந்தச் சந்தில் ஆரம்பிக்கலாம்? அதிகமாகத் தருகிறேன் என்று சொன்ன சந்தில்.

வீட்டு இணைப்புக்கு முன்பணம் கட்ட வேண்டும். பைப்புக்கும் மீட்டருக்கும் தனிக் காசு. அவ்வளவு பணத்துக்குச் சித்தி எங்கே போவாள்?

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு ஆட்கள் வந்து குழாயைக் கழற்றினார்கள். தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பைப்பின் வாயை அடைத்து, மேலே சிமெண்டைக் குழைத்து அப்பினார்கள். சித்தி கையில் மாவோடு ஓடிவந்தாள்.

"எலே, என்ன செய்யுதிய? எடுக்காதிய, எடுக்காதிய!"

"நீங்க எல்லாரும் மாசம் காசு குடுக்கியோம்னு எழுதிக் குடுத்தியளாமே, அம்மச்சி. இனி வீட்டுக்குள்ளயே வெள்ளம் வரும்" என்றான் ஒருவன், நல்ல சேதி சொல்கிற தினுசில்.

சித்தி திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தாள். நான் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். திரைச்சீலை இருந்தது, அவளுக்கு என்னைத் தெரிந்திருக்காது. ஆனாலும் அவள் பார்த்தது என்னைத்தான்.

கிணற்றடிக்கு அவள் உடனே வரவில்லை. எங்கள் சந்தைத் தாண்டி, ஓடையைத் தாண்டி நடந்தால் எல்லைக்கல். அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அவர்கள் பஞ்சாயத்து, அவர்கள் குழாய். சித்தி இரண்டு குடத்தோடு அங்கே போனாள். முதல் நாள் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு, "ரேஷன் கார்டு எந்தப் பக்கம் ஒனக்கு?" என்று கேட்டாளாம். வோட்டுப் போடுவது அங்கே, வெள்ளம் கோருவது இங்கேயா என்றாளாம் இன்னொருத்தி. அவர்களும் தமிழ்தான், இவளும் தமிழ்தான். அவர்களில் ஒருத்தி சித்திக்குத் தூரத்து உறவும்கூட. குடம் காலியாகவே திரும்பியது. நேரத்துக்கு இடியாப்பம் போகாததால் சாயாக்கடைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

அப்புறம்தான் வந்தாள். மத்தியான வெயில், ஞாயிற்றுக்கிழமை. அம்மா உள்ளே படுத்திருந்தாள். நான் கிணற்றடியில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். சித்தி வேலியைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாகவே வந்தாள், இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். ஏழெட்டு வருடத்துக்கு முன்பு கருப்பாக இருந்த தலை முழுக்க வெளுத்திருந்தது. வேலிக்கு அப்பால் பார்த்துப் பார்த்து எனக்கு அது தெரியாமலே போயிருந்தது.

"கொஞ்சம் வெள்ளம் வேணும் மக்கா" என்றாள்.

எடுத்துக்கோங்க சித்தி என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வாய் அதற்குத்தான் திறந்தது என்று நான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். விளையாட்டு இல்லை. எனக்கு அவளை அந்த நாற்காலியைத் துடைத்துப் போட்ட நாளுக்கு இழுத்துக்கொண்டு போய் நிறுத்த வேண்டும்போல இருந்தது. அவள் ஜெயித்துவிட்டுப் போயிருந்தாளே அன்றைக்கு.

"மாசம் எவ்வளவு குடுப்பீங்க சித்தி?" என்றேன். அதே குரலில், படிவத்தைப் படிக்கிற குரலில்.

சித்தி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். திட்டுவாள், குடத்தைத் தூக்கி அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முப்பதுன்னு சொல்லியிருக்கேன்லா" என்றாள். "முப்பது தாறேன்."

கயிற்றைப் பிடித்து இறைத்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற பழைய வாளி அது, அவளுடையதேதான். அதை அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன்.

நான் அம்மாவிடம் சொன்னபோது, வேண்டாம் என்பாள் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அம்மா யோசித்துவிட்டு, "தரட்டும். கெணறு தூர் வாராண்டாமா? அந்தச் செலவு ஆருக்கு?" என்றாள். பராமரிப்புச் செலவை உபயோகிக்கிறவர்களே ஏற்பது என்று நாங்கள் அறிக்கையில் எழுதியிருந்ததும் இதுதான். அம்மாவுக்கு எம்.ஏ. தேவைப்படவில்லை. காலை பத்து மணிக்கு மேல்தான் இறைக்க வேண்டும், நம் வீட்டுத் துவைப்பு முடியட்டும் என்றும் ஒரு சட்டம் போட்டாள். பத்து மணிக்கு இடியாப்பம் யாருக்கு வேண்டும்? சித்தி அண்டியாபீசுக்கு முந்திரிக்கொட்டை உடைக்கப் போகத் தொடங்கினாள். விரல் நுனியெல்லாம் கொட்டைப் பாலில் வெந்து கறுத்துப்போயிற்று. ஒன்றாம் தேதி தவறாமல் கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் ஒரு கல்லுக்கடியில் முப்பது ரூபாய் இருக்கும். அம்மா எடுத்துக்கொள்வாள். நான் சம்பளக்காரி, எனக்கு அந்த முப்பது ஒன்றுமேயில்லை. ஒரு மாதம்கூட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஆராய்ச்சி நிலையத்தில் என்னைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார்கள். மேடம் கடிதம் எழுதினாள். முப்பது ரூபாய் சொன்ன அந்தப் பெண்மணி எப்படியிருக்கிறார், இணைப்பு வாங்கிவிட்டாரா என்று கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறார், இப்போது மாதம் முப்பது கொடுத்துத்தான் தண்ணீர் எடுக்கிறார் என்று பதில் எழுதினேன். அதில் ஒரு எழுத்துப் பொய்யில்லை. சனங்கள் வாயால் சொன்னதைக் கையாலும் செய்கிறார்கள் என்பதற்கு அத்தாட்சியாக மேடம் அதை அடுத்த கட்டுரையின் அடிக்குறிப்பில் சேர்த்துக்கொண்டாள். என் பெயரை நன்றிப் பட்டியலில் போட்டாள்.

சித்தியின் கையில் புண் ஆறாமல் போனபோது மகள் அம்பூரியிலிருந்து வந்து கூட்டிக்கொண்டு போனாள். எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நான் அன்று திருவனந்தபுரத்தில் இருந்தேன். ஒன்றாம் தேதி வீட்டுக்கு வந்திருந்தபோது அம்மாவுக்கு முன்னால் கிணற்றடிக்குப் போய்க் கல்லைத் தூக்கிப் பார்த்தேன். முடிந்த மாதத்தில் அவள் பதினைந்து நாள்தான் தண்ணீர் எடுத்திருந்தாள். பதினைந்து ரூபாய் இருந்தது.